சிவப்பு வரவில்லை என்றால் இடிக்கவில்லை என்று அர்த்தமா? இயக்க சிமுலேஷனில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வருடங்களுக்கு முன்பு அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிடும் ஒரு சின்ன இயந்திரத்துக்கு கிராங்க் அமைப்பு (சுழற்சியை முன்பின் நகர்வாக மாற்றுவது) வரைந்து கொடுத்தேன். கிராங்க் ஆரம் 40 மிமீ, கனெக்டிங் ராடு 120 மிமீ. கேட்டியா வி5 என்ற 3டி வடிவமைப்பு மென்பொருளில், பாகங்களின் இயக்கத்தைத் திரையில் ஓட்டிப் பார்க்கும் டிஎம்யூ கினமாட்டிக்ஸ் பகுதியில் ஒரு முழுச் சுற்று ஓட்டிப் பார்த்தேன், கிளாஷ் டிடெக்‌ஷனும் ஆனில்தான் இருந்தது. பாகங்கள் இடித்தால் சிவப்பாகக் காட்டும் வசதி அது. எந்தப் பாகமும் சிவப்பாகவில்லை என்பதால் வரைபடத்தை அனுப்பிவிட்டேன். பாகங்கள் வந்து கோர்த்த பிறகு, ஃபிட்டர் கையால் கிராங்கை மெதுவாகச் சுற்றினார். பாதிச் சுற்றில் 'டக்' என்று நின்றது. "சார், இடிக்குது" என்றார்.

கிராங்க் பின்னின் நுனி 4 மிமீ தடிமன். அது போகும் வழியில் 5 மிமீ தடிமன் கொண்ட ஒரு தகடு பிராக்கெட் நின்றிருந்தது. நான் ஓட்டியது 20 படிகளில், அதாவது படிக்கு 18 டிகிரி. 40 மிமீ ஆரத்தில் 18 டிகிரி என்றால் பின் ஒரே தாவலில் 12.6 மிமீ நகரும். பின்னும் தகடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் தூரம் மொத்தமே சுமார் 9 மிமீ. ஆக, ஒரு படியில் பின் தகட்டுக்கு இந்தப் பக்கம், அடுத்த படியில் அந்தப் பக்கம். நடுவில் நடந்ததை மென்பொருள் பார்க்கவே இல்லை.

இந்த வகை சிமுலேஷனில் பலரும் கவனிக்காத விஷயம் இதுதான். திரையில் இயக்கம் தொடர்ச்சியாக ஓடுவது போலத் தெரியும். உண்மையில் மென்பொருள் நாம் கொடுத்த படிகளில் மட்டும் நின்று, அந்த நொடியில் பாகங்கள் எங்கே இருக்கின்றன என்று சரிபார்க்கிறது. மற்ற மென்பொருட்களில் பொத்தானின் பெயர் மாறலாம், ஆனால் படிப்படியாகச் சரிபார்க்கும் எந்த மென்பொருளிலும் இந்தத் தவறு நடக்கும்.

படிகளை எப்படி முடிவு செய்வது? நகரும் பாகங்களில் சுழல் மையத்திலிருந்து மிகத் தள்ளி இருக்கும் புள்ளியை எடுங்கள். அந்தப் புள்ளி ஒரு படியில் போகும் தூரம், ஒன்றோடொன்று இடிக்கக்கூடிய பாகங்களில் மிக மெல்லியதன் தடிமனில் பாதியைத் தாண்டக் கூடாது. என் கிராங்க் நுனி ஒரு சுற்றில் 251 மிமீ போகிறது. 2 மிமீக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றால் 126 படிகள், கொஞ்சம் கூட்டி 150 என்று வைத்துக்கொள்ளலாம். 600 மிமீ நீளமுள்ள ஒரு கை என்றால் கதையே வேறு. அங்கே 1 டிகிரிக்கே நுனி 10 மிமீக்கு மேல் நகர்ந்துவிடும். 'ஒரு டிகிரி போதும்' என்று எல்லா வேலைக்கும் ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்வது அதனால்தான் ஆபத்து.

படி கூடினால் கணினி திணறுமே என்பீர்கள். திணறும்தான். முதலில் முழுச் சுற்றையும் ஓரளவு படிகளில் ஓட்டிவிட்டு, பாகங்கள் நெருங்கும் கோணங்களைக் குறித்துக்கொண்டு, அந்த 20, 30 டிகிரிக்குள் மட்டும் மிகச் சிறிய படிகளில் மறுபடி ஓட்டுங்கள். அந்தப் பிராக்கெட்டை இப்படித்தான் மறுபடி சரிபார்த்தேன். 80 படிகளிலேயே சிவப்பு தெரிந்துவிட்டது.

கணினி திணறுவதற்கு இன்னொரு காரணம், எல்லாப் பாகத்தையும் எல்லாப் பாகத்தோடும் ஒப்பிடச் சொல்வது. இதில் வேகம் போவதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 10 மிமீ துளையில் 10 மிமீ பின் என்று இரண்டையும் ஒரே அளவில் வரைந்திருப்போம், போல்ட்டின் மரை நட்டுக்குள் புதைந்திருக்கும், பேரிங் இருக்கையில் அழுத்திப் பொருத்தியிருக்கும். இவை எல்லாம் பட்டியலில் வந்து நிற்கும். முந்நூறு வரிகளைப் பார்த்ததும் 'இதெல்லாம் வழக்கமா வர்றதுதான்' என்று மொத்தமாக மூடிவிடுவோம். உண்மையான இடிப்பு அந்த முந்நூறில் ஒன்றாக ஒளிந்திருக்கும். நகரும் பாகங்களை ஒரு குழுவாகவும், நிலையாக நிற்பவற்றை இன்னொரு குழுவாகவும் பிரித்து, இரண்டுக்கும் இடையே மட்டும் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஜாயின்ட்டில் (பாகங்கள் அசையும்படி இணைக்கும் இணைப்பில்) சேர்ந்திருக்கும் ஜோடிகளைத் தனியாக ஒருமுறை பார்த்து முடித்துவிட்டு விலக்கி வையுங்கள்.

இடிப்பைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதியில் ஆஃப், ஆன், ஸ்டாப் என்று மூன்று நிலைகள் உண்டு. ஸ்டாப்பில் வைத்தால் இடித்த இடத்தில் இயக்கம் நின்றுவிடும். தொடக்க நிலையிலேயே ஏதோ ஒரு ஜோடி புதைந்திருந்தால் மெக்கானிசம் அசையவே அசையாது. புதிதாகப் பழகுபவர்கள் ஜாயின்ட்டில்தான் கோளாறு என்று நினைத்து அரை நாள் ஜாயின்ட்டுகளை அழித்து அழித்துப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஸ்டாப்புக்குப் போகும் முன் நின்ற நிலையில் ஒரு தடவை கிளாஷ் பாருங்கள், அந்த அரை நாள் மிச்சம்.

தொடுதலும் இடிப்பும் மட்டும் பார்ப்பதும் போதாது. இடைவெளியையும் சேர்த்துப் பார்க்கும் வகையைத் தேர்ந்தெடுத்து, எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று எண்ணைக் கொடுக்க வேண்டும். திரையில் இருக்கும் பாகங்கள் வளையாது, அதிராது, தேயாது, சொன்ன அளவில் துல்லியமாக இருக்கும். பட்டறையில் வரும் தகடு அப்படியா இருக்கும்? 0.3 மிமீ இடைவெளியோடு கடந்து போகும் பாகத்தை 'இடிக்கவில்லை' என்று அறிக்கையில் எழுதினால், அந்த அறிக்கையால் பட்டறைக்கு ஒரு பயனும் இல்லை.

இடைவெளி எண்ணை நம்பும் முன் இதையும் கவனியுங்கள். பெரிய அசெம்ப்ளியை இலகு வடிவில், அதாவது சிஜிஆர் கோப்புகளாக ஏற்றினால், வளைந்த பரப்புகள் சின்னச் சின்ன முக்கோணங்களாகத்தான் இருக்கும். கேட்டியாவில் வழக்கமாக இருக்கும் காட்சித் துல்லியம் 0.2 மிமீ. வட்டத் துளையின் முக்கோணங்கள் துளைக்குள் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், தண்டின் முக்கோணங்கள் தண்டுக்குள் கொஞ்சம் உள்வாங்கியிருக்கும். இந்த நிலையில் 0.1 மிமீ இடைவெளியைப் பற்றி எந்த முடிவுக்கும் வர முடியாது. நுணுக்கமான ஜோடிகளை மட்டும் டிசைன் மோடுக்கு (அசல் வடிவம் முழுதாக ஏறும் நிலைக்கு) மாற்றி அளந்துகொள்ளுங்கள்.

சரி, இயக்கத்தின்போது தூரம், கோணம் போன்ற அளவுகளைப் பதிவு செய்யும் சென்சாருக்கு வருவோம். முதல் குழப்பம், நாம் எடுத்த அளவு சென்சார் பட்டியலில் தெரியவில்லை என்பது. இரண்டு பாகங்களுக்கு இடையே தூரத்தை அளக்கும்போது 'கீப் மெஷர்' என்பதை டிக் செய்யாமல் விட்டால் அளவு அந்த நிமிடத்தோடு போய்விடும். பட்டியலில் ஜாயின்ட்டுகளின் கோணமும் நீளமும்தான் இருக்கும். டிக் செய்து, அப்புறம் சென்சாரை இயக்கினால் அளவும் வந்து நிற்கும்.

தூர சென்சாரின் வரைகோடு பூஜ்யத்தில் கொஞ்ச நேரம் தட்டையாகக் கிடந்தால் 'லேசாக உரசுகிறது' என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்தபட்ச தூரம் மைனஸில் போகாது. ஒரு பாகம் இன்னொன்றில் 8 மிமீ குத்தி நின்றாலும் சென்சார் காட்டுவது பூஜ்யம்தான். எவ்வளவு புதைந்திருக்கிறது என்று தெரிய கிளாஷ் முடிவைத்தான் திறந்து பார்க்க வேண்டும். இரண்டையும் சேர்த்து ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

வேகமும் முடுக்கமும் வேண்டுமென்றால் கமாண்ட் கொடுத்து, அதாவது கோணத்தை மட்டும் நாமே கொடுத்து ஓட்டும் சிமுலேஷன் உதவாது. அதில் நேரம் என்ற ஒன்றே கிடையாது. கமாண்டின் கோணத்தை நேரத்தோடு இணைக்கும் 'லா' (சூத்திரம்) எழுத வேண்டும். அங்கே கின்டைமை (சிமுலேஷனின் நேரத்தை) 1 நொடியால் வகுக்காமல் நேரடியாக டிகிரியால் பெருக்கினால் அலகு பொருந்தாது.

லா சரியாக இருந்தாலும் படி எண்ணிக்கை மறுபடியும் காலை வாரும். கிராங்க் நொடிக்கு ஒரு சுற்று, மொத்தம் 10 நொடி, 40 படிகள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு நாலே நாலு புள்ளிகள்: 0, 90, 180, 270 டிகிரி. என் அமைப்பில் 90 டிகிரியில் தள்ளுவானின் (கனெக்டிங் ராடு முன்பின் நகர்த்தும் பாகத்தின்) வேகம் நொடிக்கு 251 மிமீ. வரைகோட்டின் உச்சியும் அதுதான் என்று தெரியும். கையால் கணக்குப் போட்டால் உண்மையான உச்சம் 73 டிகிரி பக்கத்தில் வருகிறது, 265 மிமீ. வித்தியாசம் ஐந்து சதவீதம்தான், இங்கே பரவாயில்லை. கிராங்குக்குப் பதில் செங்குத்தான சரிவுள்ள கேம் (சுழன்று இன்னொரு பாகத்தைத் தள்ளும் மேடுள்ள தட்டு) இருந்தால் முடுக்கத்தின் கூர்மையான உச்சம் ஒன்று முழுதாகவே காணாமல் போயிருக்கும். ஒரு சுற்றை மட்டும் 1 நொடியில் 180 படிகளாக ஓட்டினால் கோடு வழவழவென்று வரும். ஓட்டும் முன் சென்சாரின் ஹிஸ்டரியைக் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் போன ஓட்டத்தின் எண்களும் சேர்ந்து எக்செல் கோப்புக்குள் போய்விடும்.

ஜாயின்ட் சென்சாரின் பூஜ்யம், அந்த ஜாயின்ட்டை உருவாக்கியபோது பாகங்கள் இருந்த நிலை. வரைபடத்தின் பூஜ்யம் வேறாக இருக்கலாம். 'சென்சாரில் 35 டிகிரி' என்று மின்சாரப் பிரிவுக்குச் சொல்லி, அவர்கள் லிமிட் ஸ்விட்சை வேறு இடத்தில் மாட்டுவது இப்படித்தான் நடக்கிறது. சொல்லும்போது எந்த முகத்திலிருந்து, எந்தப் பக்கமாக என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அந்தத் தள்ளு இயந்திரத்துக்குப் பிறகு என் அறிக்கைகளில் 'கிளாஷ் இல்லை' என்ற ஒற்றை வரி வருவதில்லை. இப்படி எழுதுகிறேன்: "0 முதல் 360 டிகிரி, 150 படிகள், படிக்கு நுனியில் 1.7 மிமீ. நகரும் குழுவுக்கும் நிலையான குழுவுக்கும் இடையே சரிபார்ப்பு, இடைவெளி வரம்பு 3 மிமீ, டிசைன் மோடு. விலக்கிய ஜோடிகள் 6, பட்டியல் கீழே. மிகக் குறைந்த இடைவெளி 4.2 மிமீ, 196 டிகிரியில், கிராங்க் பின்னுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே."