வாண்டுகளுக்கு நிலாவைக் காட்டிக்கொடுக்க

அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் சாயங்காலம் தொடங்குங்கள். பொழுது சாய்ந்ததும் மேற்கே பிறை தெரியும். பிள்ளைகள் தூங்கப் போவதற்குள் மறைந்தும் விடும். விளக்கம் எதுவும் சொல்லாமல், தாளும் கிரேயானும் கொடுத்து, பார்த்ததை வரையச் சொல்லுங்கள்.

நாமக்கல் பக்கம் மாலை வகுப்பில் ஒன்றாவது, இரண்டாவது படிக்கும் பிள்ளைகளோடு இதைச் செய்கிறேன். பாதிப் பேர் பிறையை நிமிர்த்தி வரைவார்கள், புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊர்களில் அது பெரும்பாலும் தோணி மாதிரி மல்லாந்து கிடக்கும். தப்பு என்று சொல்ல வேண்டாம். "இன்னொருக்கா பாரு சாமி" என்றால் போதும். கண்ணால் பார்த்ததை நம்பி வரைய ஒரு பிள்ளை பழகிவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

அன்றிலிருந்து தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளைச் சேர்த்து வையுங்கள். பின்பக்கம் பாட்டில் மூடியை வைத்து வட்டம் போட்டு, இருட்டாகத் தெரிந்த பகுதியைக் கறுப்பாக்க வேண்டும். மேகம் மூடியிருந்தால் 'மேகம்' என்றே எழுதட்டும், ஊகித்து வரையக் கூடாது. நிலா நாளுக்கு நாள் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தி உதிப்பதால் ராத்திரியில் மட்டும் தேடினால் ஏமாந்து போவீர்கள். வளர்பிறை அஷ்டமி தாண்டிய இரண்டு மூன்று நாள், நாலு மணிக்குப் பள்ளி விடும்போது கிழக்கே பாருங்கள். தேய்பிறை பஞ்சமி வாக்கில் காலையில் பள்ளிக்குப் போகும்போது மேற்கே இருக்கும். பகலில் நிலாவா என்று பிள்ளைகள் கூவுவதைக் கேட்கவே இதைச் செய்யலாம்!

ஒரு சுற்று வரைந்து முடித்த பிறகுதான் பந்து. அறையை இருட்டாக்கி, மறைப்பு இல்லாத ஒரே ஒரு பல்பை எரியவிடுங்கள். வெள்ளைத் தெர்மோகோல் பந்தைக் குச்சியில் குத்திப் பிள்ளையின் கையில் கொடுங்கள். பல்பு சூரியன், பிள்ளையின் தலை பூமி, பந்து நிலா. கையை நீட்டி, பந்தைத் தலைக்குச் சற்று மேலே பிடித்துப் பல்பைப் பார்த்து நின்றால் பந்தின் இருட்டுப் பக்கம்தான் தெரியும், அது அமாவாசை. அப்படியே இடப்பக்கமாக மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள். கால் சுற்றில் வலப்பாதி ஒளிரும். பல்புக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி. பூமியின் நிழல் விழுவதால் நிலா தேய்கிறது என்று பெரியவர்களே பலர் நினைக்கிறார்கள். இங்கே பந்தைக் கொஞ்சம் தாழ்த்தித் தலையின் நிழலை அதன்மேல் விழவிட்டுக் காட்டுங்கள். அது கிரகணம். தேய்வது வேறு, கிரகணம் வேறு என்று பிள்ளைக்கே புரிந்துவிடும்.

பள்ளங்களுக்குத் தாம்பாளம் நிறையக் கோலமாவு, மேலே மெல்லிய படலமாகக் காவிப்பொடி. கோலிக்குண்டை முழங்கால் உயரத்திலிருந்தும், பிறகு தோள் உயரத்திலிருந்தும் போடட்டும். வேகம் கூடக்கூடப் பள்ளம் அகலும். அடியிலிருக்கும் வெள்ளை நாலாபுறமும் கீற்றுக் கீற்றாகத் தெறிக்கும். நிலாவின் தென்பகுதியில் இருக்கும் டைக்கோ பள்ளத்தைச் சுற்றி இதே போன்ற வெள்ளைக் கீற்றுகள் உண்டு. பௌர்ணமியன்று பைனாகுலரில் பார்க்கலாம். குண்டை எறிய விடாதீர்கள், பொடி கண்ணில் படும்.

இந்த இடத்தில் எங்கள் மாவட்டத்துச் சித்தம்பூண்டியைப் பற்றிச் சொல்லாமல் நான் விடுவதில்லை. அங்கே கிடைக்கும் அனார்த்தோசைட் பாறை நிலா மண்ணோடு ஒத்துப்போவதால், அதைப் பொடியாக்கித்தான் சந்திரயான் சோதனைகளுக்கு இஸ்ரோ பயன்படுத்தியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று விக்ரம் நிலாவில் இறங்கியதை இந்தக் கல்லோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளின் முகமே மாறிவிடும்.

கடைசியாகச் சப்பாத்தி மாவு. ஒரே அளவில் 50 சிறு உருண்டைகள் பிடியுங்கள். 49-ஐச் சேர்த்து உருட்டினால் பூமி, மிஞ்சிய ஒன்று நிலா. இரண்டையும் எவ்வளவு தள்ளி வைக்கலாம் என்று கேளுங்கள். ஒரு சாண் என்பார்கள். பூமி உருண்டையின் இடுப்பில் நூலை ஒன்பதரைச் சுற்றுக்குச் சற்றுக் கூடுதலாகச் சுற்றி, பிரித்துத் தரையில் நீட்டுங்கள். 3,84,400 கிலோமீட்டர் அந்த நூலில் அடங்கும். நீட்டும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள், நூல் தீரும்வரை நகர்ந்துகொண்டே போவார்கள்.