ஃபெலனி ஆவணம்: முதலில் வழக்கு எண்

டெக்சாஸில் ஃபெலனி (கடுமையான குற்ற) வழக்கு ஆவணம் வேண்டுமா? முதலில் வழக்கு நடந்த கவுண்டியின் (மாவட்டம் போன்ற பகுதி) டிஸ்ட்ரிக்ட் கிளார்க் (ஃபெலனி வழக்குப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலர்) இணையதளத்தில் சம்பந்தப்பட்டவரின் பெயரைப் போட்டு, வழக்கு எண்ணை நீங்களே எடுத்துவிடுங்கள். அப்புறம் அந்த எண்ணோடு தீர்ப்பு நகலை மட்டும் கேளுங்கள்.

எண்ணை அலுவலகத்தாரையே தேடச் சொன்னால் தனிக் கட்டணம், காத்திருப்பு. முழுக் கோப்பும் கேட்டால் பக்கத்துக்குப் பக்கம் காசு. பிறந்த தேதியையும் அவசியம் ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள், தவறான ஆளைக் குற்றவாளி என்று நினைத்துவிடக் கூடாது. கவுண்டி கிளார்க் என்ற வேறொரு அலுவலரிடம் போய் நிற்காதீர்கள், அங்கே பெரும்பாலும் சிறு குற்ற வழக்குகள்தான்.

சிறார் வழக்குகளும், நீதிமன்றம் அழிக்கவோ மறைக்கவோ உத்தரவிட்டவையும் இப்படிக் கிடைக்காது. ஃபெடரல் (மத்திய அரசு நீதிமன்ற) வழக்கென்றால், அந்த நீதிமன்றங்களின் ஆவணத் தளமான பேசரில்தான் (PACER) பார்க்க வேண்டும். பக்கத்துக்கு 10 சென்ட்.