பசுவின் சினைப்பையில் ரத்த ஓட்டம்: கலர் டாப்ளரில் பார்த்து முடிவெடுப்பது எப்படி

சினை ஊசி போட்டு 20 நாள் ஆன பசுவைச் சோதிக்கிறோம். வலது சினைப்பையில் 2 செ.மீ. அளவில் ஒரு கார்பஸ் லூட்டியம் (சுருக்கமாக சி.எல்., முட்டை வெளியான இடத்தில் உருவாகும் சுரப்புத் திசு) இருக்கிறது. அந்த சி.எல். இன்னும் சினையைக் காக்கும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சுரக்கிறதா, அல்லது சுரப்பு நின்றபின் உருவம் மட்டும் மிச்சமிருக்கிறதா? அளவை வைத்து இதைச் சொல்ல முடியாது. சி.எல். அழியத் தொடங்கினால் சுரப்பு ஏறத்தாழ ஒரு நாளில் அடங்கிவிடும். திசு சுருங்கப் பல நாள் பிடிக்கும். ரத்த ஓட்டம் சுரப்போடு சேர்ந்தே விழுகிறது. அதனால்தான் இந்தக் கேள்விக்கு, ரத்த ஓட்டத்தை நிறமாகக் காட்டும் ஸ்கேனான கலர் டாப்ளரால் பதில் சொல்ல முடிகிறது. ரெக்டல் ஸ்கேன் ஏற்கெனவே கைவந்த கால்நடை மருத்துவர்களுக்காக இது எழுதப்படுகிறது.

21 நாள் பருவச் சுழற்சியில் ரத்த நாளங்களுக்கு என்ன நடக்கிறது

மகாதமனியிலிருந்து கிளைக்கும் சினைப்பைத் தமனி, கருப்பையிலிருந்து வரும் சிரையின் மேல் சுருள்சுருளாக ஒட்டிக்கொண்டு போகிறது. சி.எல்.லை அழிக்கக் கருப்பை சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் சிரைச் சுவரைக் கடந்து நேரே தமனிக்குள் புகுவது இந்த ஒட்டுதலால்தான். பொது ரத்த ஓட்டத்தில் கலந்து நுரையீரல் வழியாகப் போனால் அதில் பெரும்பகுதி அங்கேயே சிதைந்துவிடும்.

ஃபாலிக்கிளில் (முட்டை வளரும் திரவப் பை) நாளங்கள் வெளியே சூழ்ந்திருக்கும் தீக்கா அடுக்கோடு நின்றுவிடும். உள்ளே கிரானுலோசா அடுக்கில் ஒரு நாளம்கூடக் கிடையாது. ஒரே அலையில் வளரும் ஃபாலிக்கிள்களில் ஒன்று முந்தும்போது அதன் சுவரில் நாளங்கள் பெருகுகின்றன. ஹோல்ஸ்டீனில் இந்தப் பிரிவு ஏறத்தாழ 8.5 மி.மீ. விட்டத்தில் நடக்கிறது, நாட்டு இனங்களில் அதைவிடச் சிறிய அளவிலேயே நடந்துவிடும். முட்டையை வெளியேற்றத் தூண்டும் எல்.எச். ஹார்மோனின் எழுச்சி வந்ததும் முட்டை வெளியாகப்போகும் ஃபாலிக்கிளின் சுவரில் ஓட்டம் சட்டென்று கூடுகிறது. முட்டை வெளியானதும் இரு அடுக்குகளுக்கும் இடையிலிருந்த சவ்வு சிதைகிறது. வி.இ.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகளின் தூண்டலில் தந்துகிகள் உள்ளே பாய்கின்றன. சுழற்சியின் நடுவில் ஏறக்குறைய ஒவ்வொரு லூட்டியல் (சி.எல்.லின் சுரப்பு) செல்லும் ஒரு தந்துகியைத் தொட்டு நிற்கும். சி.எல்.லில் உள்ள செல்களில் பாதிக்கு அருகில் நாளச் சுவர்ச் செல்களே. எடைக்கு எடை பார்த்தால் இவ்வளவு ரத்தம் வாங்கும் திசு உடலில் மிகக் குறைவு.

சினை பிடிக்காத பசுவில் 17, 18-ஆம் நாள் வாக்கில் புரோஸ்டாகிளாண்டின் அலையலையாக வருகிறது. அது வந்தவுடன் ஓட்டம் குறைந்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் முதிர்ந்த சி.எல்.லின் ஓரத்து நாளங்கள் நைட்ரிக் ஆக்சைடால் முதலில் விரிகின்றன. அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம்வரை ஓட்டம் கூடித் தெரியும். பிறகு எண்டோதீலினும் ஆஞ்சியோடென்சினும் நாளங்களைச் சுருக்க, ஓட்டம் சரிகிறது. ஆகவே 17, 18-ஆம் நாளில் நிறைய நிறம் தெரிகிறது என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

கருவியைச் செட் செய்வது

நிறம் எவ்வளவு தெரிகிறது என்பதைப் பசு பாதி தீர்மானிக்கிறது, செட்டிங் மீதியைத் தீர்மானிக்கிறது. 5 முதல் 10 மெகாஹெர்ட்ஸ் வரை வேலை செய்யும் லீனியர் ரெக்டல் புரோப் போதும். சி.எல்.லுக்குள் ஓட்டம் மெதுவானது. அதனால் பி.ஆர்.எஃப்.ஐ (ஒரு நொடியில் எத்தனை ஒலித்துடிப்பு அனுப்புவது என்ற அளவு) 1 கிலோஹெர்ட்ஸ் அளவிலும், மெதுவான அசைவுகளை வடிகட்டும் வால் ஃபில்டரைக் குறைந்த நிலையிலும் வையுங்கள். பி.ஆர்.எஃப்.ஐ உயர்த்தினால் படம் சுத்தமாகத் தெரியும். ஆனால் மெல்லிய நாளங்கள் காணாமல் போய், உயிருள்ள சி.எல். செத்ததுபோல் தெரியும். ஆழம் 4, 5 செ.மீ.க்கு மேல் தேவையில்லை. ஃபோகஸ் சி.எல்.லின் நடுவில் இருக்கட்டும். நிறம் காட்டும் பெட்டியான கலர் பாக்ஸ் சி.எல்.லைச் சுற்றி அரை செ.மீ. விட்டு மூடினால் போதும். பெட்டி பெரிதானால் ஃபிரேம் ரேட் விழும்.

கலர் கெயினை (நிறச் சிக்னலைப் பெருக்கும் அளவு) சரிசெய்ய அருகில் இருக்கும் ஃபாலிக்கிளையே பயன்படுத்துங்கள். அதனுள்ளே திரவம் மட்டும்தான். அங்கு ஓட்டம் இருக்க வழியில்லை. கெயினை ஏற்றிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அந்தக் கருப்பு வட்டத்துக்குள் நிறப்புள்ளிகள் மினுங்கும். அவை மறையும்வரை மெல்லக் குறைத்து அங்கேயே நிறுத்துங்கள். அதன்பின் அன்றைக்குப் பார்க்கும் எல்லா மாட்டுக்கும் அதே செட்டிங்தான். ஒவ்வொரு மாட்டுக்கும் கெயினை மாற்றினால் 25 சதவீதம், 50 சதவீதம் என்ற கணக்குக்கே பொருளில்லை.

பவர் டாப்ளர் இருந்தால் மெதுவான ஓட்டம் இன்னும் நன்றாகத் தெரியும். கோணத்தை அவ்வளவாகச் சார்ந்திராது. ஆனால் மாடு லேசாக அசைந்தாலும் திரை முழுக்க நிறம் வழியும். கலர் டாப்ளரில் தெரியும் சிவப்பும் நீலமும் ஓட்டம் புரோப்பை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதைக் காட்டுபவை. சிவப்பைத் தமனி, நீலத்தைச் சிரை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கையும் புரோப்பும்

மாட்டை டிராவிஸில் (மாட்டை அடக்கி நிறுத்தும் சட்டம்) நிறுத்துங்கள். சாணத்தை முழுக்க எடுத்துவிடுங்கள். சிறிதளவு சாணமும் காற்றும் இருந்தால்கூட நிறம் வராது. புரோப்பின் உறைக்குள் ஜெல் போட்டுக் குமிழி இல்லாமல் இழுத்துக் கட்டுங்கள். முக்கிக்கொண்டே இருக்கும் மாட்டுக்கு 2 சதவீத லிக்னோகெயின் 5 மி.லி. எபிடியூரலாக (வால் அடியில் முதுகெலும்புக்குள் போடும் மரப்பு ஊசி) கொடுக்கலாம். மயக்க மருந்தான சைலசின் வேண்டாம்: அது ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் மாற்றிவிடும்.

முதலில் சாதாரண கருப்பு வெள்ளைப் படமான பி மோடில் இரண்டு சினைப்பையையும் முழுக்கப் பாருங்கள். சி.எல். எத்தனை, எங்கே, உள்ளே குழி இருக்கிறதா என்று குறித்த பிறகே டாப்ளரைப் போடுங்கள். சினைப்பையை விரலால் பிடித்து புரோப்போடு அழுத்துவது பலருக்கும் உள்ள பழக்கம். அழுத்தினால் தந்துகிகள் மூடிக்கொள்ளும். தாங்கும் சவ்வைத் திருகினால் தமனியே மடங்கும். இரண்டிலும் நல்ல சி.எல். வெறுமையாகத் தெரியும். நிறம் இல்லை என்று தோன்றினால் பிடியைத் தளர்த்தி, சினைப்பை தன் இடத்துக்குப் போகவிட்டு, மறுபடி பாருங்கள்.

சி.எல்.லை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மெதுவாகக் கடந்து 10 முதல் 15 நொடி பதிவுசெய்யுங்கள். பின்னோக்கி ஓட்டிப் பார்த்து, சி.எல். பெரிதாகவும் நிறம் அதிகமாகவும் தெரியும் படத்தில் நிறுத்துங்கள். அப்படி மூன்று படமாவது வேண்டும். ஒரே ஒரு ஃபிரேமில் வந்து மறையும் நிறம் குடலசைவு. மூன்று நான்கு துடிப்புக்கு அதே இடத்தில் நிற்பது நாளம்.

நிறத்தைப் படிப்பது

சி.எல்.லின் எல்லைக்குள் இருக்கும் நிறத்தை மட்டும் எண்ணுங்கள். அடிப்பக்கம் நுழைவாயில் அருகே தடித்த நாளங்கள் எப்போதும் பளிச்சென்று தெரியும். அவை சினைப்பையின் நாளங்கள், செத்துப்போன சி.எல்.லுக்கு அடியிலும் தெரியும். புதியவர்களுக்குத் தவறு பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. நடுவில் குழி உள்ள சி.எல்.லில் குழியைக் கழித்துவிட்டு, சுற்றியுள்ள திசுவில் எவ்வளவு பங்கு நிறம் என்று பாருங்கள். குழி இருப்பது இயல்பானதுதான். அதை நோயாக எழுத வேண்டாம்.

பருவம் தெரிந்த நாளை 0 என்று வைத்தால், முதல் மூன்று நான்கு நாள் சி.எல்.லையே கண்டுபிடிப்பது சிரமம். ஓரத்தில் சிறு நிறக்கீற்றுகள் இருக்கும். 7-ஆம் நாளுக்குள் நிறம் ஓரம் முழுக்கச் சூழ்ந்து உள்ளேயும் இறங்கும். 10 முதல் 15 வரை ஓட்டம் உச்சத்தில். அழிந்த சி.எல்.லில் ஓரத்தில் ஓரிரு புள்ளிகள் மட்டும் மிஞ்சும்.

20 முதல் 22-ஆம் நாள் முடிவு

சினை இருந்தால் கரு விடும் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதம் புரோஸ்டாகிளாண்டின் அலைகளைத் தடுக்கிறது, சி.எல். ஓட்டம் குறையாமல் நிலைக்கிறது. சினை இல்லையென்றால் 20-ஆம் நாளுக்குள் பெரும்பாலான பசுக்களில் ஓட்டம் போய்விடும். நடைமுறையில் சி.எல். பரப்பில் 25 சதவீதமோ அதற்குக் கீழோ நிறம் இருந்தால் சினையில்லை என்று கொள்கிறார்கள்.

இந்த முறையின் பலம் ஒருபக்கமானது. "சினையில்லை" என்ற தீர்ப்பு மிக நம்பகமானது. "சினை" என்ற தீர்ப்பு அப்படியல்ல: சுழற்சி நீண்ட பசு, கரு சில நாள் இருந்து அழிந்த பசு, ஊசி போட்ட நாளில் உண்மையில் பருவத்தில் இல்லாத பசு எல்லாமே நல்ல ஓட்டத்தோடு நிற்கும். ஆகவே நிறம் உள்ள பசுவை "சினையாக இருக்கலாம்" என்று மட்டும் எழுதுங்கள். விவசாயியிடமும் அதற்குமேல் சொல்லாதீர்கள்; 30-ஆம் நாளில் வெறுமை என்று தெரிந்தால் அவர் நம்பிக்கை போவது உங்கள் மேல்தான். 20-க்கு முன் பார்த்தால் இந்தக் குழப்பம் கூடும். 24-ஐத் தாண்டினால் மீண்டும் பருவம் வந்து போன பசுவில் புதிய சி.எல். முளைத்திருக்கும்.

பிரேசிலில் இறைச்சி மாட்டுப் பண்ணைகள் இதைப் பெரிய அளவில் பயன்படுத்துகின்றன. அங்குள்ள நெலோர் மாடுகள் நம் ஓங்கோல் வழி வந்தவை. ஊசி போட்ட 14-ஆம் நாளே எல்லாப் பசுவுக்கும் பிறப்புறுப்புக்குள் புரோஜெஸ்டிரான் கருவி வைத்து, 22-ஆம் நாள் எடுத்து, அன்றே டாப்ளரில் பார்த்து, வெறுமையான பசுவுக்கு மட்டும் புரோஸ்டாகிளாண்டினோடு அடுத்த மருந்துகளைக் கொடுத்து, 24-ஆம் நாள் மறு ஊசி போடுகிறார்கள். வழக்கமாக 30-ஆம் நாள்வரை காத்திருக்கும் காலம் மிச்சமாகிறது.

சினைப் பசுவுக்குப் புரோஸ்டாகிளாண்டின் போனால் சினை கலைந்துவிடும். ஆகவே நிறம் 20, 30 சதவீதம் என்று எல்லையில் தடுமாறினால் மருந்து போடாதீர்கள். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள், அழியும் சி.எல்.லில் அதற்குள் நிறம் போயிருக்கும். இரண்டு சி.எல். இருந்தால் இரண்டையும் பார்த்த பிறகே தீர்ப்பு.

வேறு எங்கெல்லாம் உதவும்

2 செ.மீ.க்கு மேல் திரவக் கட்டி இருந்து சி.எல். இல்லையென்றால், சுவரைப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் தடித்து, சுவருக்குள் நிறம் தொடர்ச்சியாகச் சூழ்ந்திருந்தால் அது லூட்டியல் சிஸ்ட். புரோஸ்டாகிளாண்டின் வகை மருந்தான குளோப்ரோஸ்டெனால் 500 மைக்ரோகிராம் வேலை செய்யும். மெல்லிய சுவரில் ஆங்காங்கே நிறம் தெரிந்தால் ஃபாலிகுலர் சிஸ்ட், அதற்கு எல்.எச்.சைச் சுரக்கத் தூண்டும் ஜி.என்.ஆர்.எச். ஹார்மோன் சிகிச்சை. சுவரில் நிறம் இருப்பதை மட்டும் வைத்துப் பிரிக்காதீர்கள், ஃபாலிகுலர் சிஸ்டின் சுவரிலும் ஓட்டம் உண்டு.

புரோஸ்டாகிளாண்டின் போட்ட 48 மணி நேரத்துக்குப் பிறகும் சி.எல்.லுக்குள் நிறம் நிறைந்திருந்தால் அது முழுதாக அழியவில்லை. இளம் சி.எல்.லில் இது அடிக்கடி நடக்கும். 5-ஆம் நாளுக்கு முன் அது மருந்துக்கு அசையாது. ஒரு டோஸுக்கு 24 மணி கழித்து இரண்டாவது டோஸ் கொடுக்கும் வழக்கம் வந்தது இதனால்தான்.

கருமாற்றத்தில் கருவை ஏற்றுச் சுமக்கும் பசுவைத் தேர்ந்தெடுக்கும்போது 7-ஆம் நாளில் ஒரே அளவுள்ள இரண்டு சி.எல்.லில் ஓட்டம் அதிகமுள்ளதற்கே முதலிடம். எருமையில் சினைப்பை சிறியது, சி.எல்.லும் உள்ளே புதைந்து கிடக்கும்; பசுவில் கை பழகிய பிறகே எருமைக்குப் போங்கள்.

நிறம் இருந்த பசுக்களின் பட்டியலைத் தனியாக வைத்து, 28 முதல் 32-ஆம் நாளுக்குள் கருவின் இதயத்துடிப்பைப் பி மோடில் பார்த்த பிறகே சினைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.