தாகசாந்திக்கு வீட்டில் ஐஸ் போடுகிறவர்களுக்கு

தேர்த் திருவிழா நெருங்கினால் இலங்கை மலையகத்தில் எங்கள் கொட்டகலைப் பக்கத்தில் தாகசாந்திக்கு, அதாவது கோயிலுக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் சர்பத்துக்கு, ஐஸ் சேர்ப்பது பெண்கள் பொறுப்பு. பிரிஜ் இருக்கிற வீடுகளிலிருந்து ஆளுக்கொரு டப்பா வரும், எல்லாம் சர்பத் கரைக்கிற ஒரே பரலில்தான் (பீப்பாயில்தான்) விழும். வரிசையில் நிற்பதில் பாதி சின்னப் பிள்ளைகள். ஒரு வீட்டு ஐஸ் கெட்டிருந்தால் பரல் முழுவதும் கெட்ட மாதிரிதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குளிரில் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். சாகாது. வயிற்றோட்டம், டைபாய்டு, மஞ்சள் காமாலை உண்டாக்கும் கிருமிகள் ஐஸுக்குள் உயிரோடு கிடந்து, அது கரைந்ததும் குடிக்கிறவர் வயிற்றுக்குள் போகும். உறைவதற்கு முன்பே தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும்.

நமக்குப் பீலித் தண்ணீர், அதாவது மலையிலிருந்து வடிந்து விழும் ஊற்றுத் தண்ணீர், இல்லாவிட்டால் மலையிலிருந்து குழாய் போட்ட தொட்டித் தண்ணீர். பார்வைக்கு எவ்வளவு தெளிவாக இருந்தாலும், மேலே மாடு மேய்கிறதா, கக்கூஸ் குழி கசிகிறதா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. மழைக்குக் கலங்கி வந்தால் ஓர் இரவு மூடிவைத்துத் தெளியவிடுங்கள். மேல் தண்ணீரை மட்டும் நாலாக மடித்த சுத்தமான துணியில் வடிகட்டி, அப்புறம் அடுப்பில் வையுங்கள். தேயிலைக்குக் களைநாசினி அடித்த மலைக்குக் கீழே ஓடிவரும் தண்ணீரை மட்டும் எடுக்கவே வேண்டாம். கொதிக்கவைத்தால் கிருமி சாகும், மருந்து போகாது.

உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும். கிருமியைக் கொல்ல அந்தச் சூடு போதும், ஆனால் நேரம் கொடுக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம், 2,000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடம் என்பது பொதுவான கணக்கு. மலையில் எந்த ஊராக இருந்தாலும் மூன்று நிமிடமே விடுங்கள் என்பேன். மின்சாரக் கேத்தல் கொதி வந்தவுடன் தானாக நின்றுவிடுவதால், இதற்குப் பாத்திரமும் அடுப்புமே நல்லது.

மூடி போட்டபடியே ஆறவிடுங்கள். பெரும்பாலும் தண்ணீர் கெடுவது இந்த இடத்தில்தான். யாராவது கோப்பையை முக்கி எடுப்பார்கள், விரல் படும், பட்ட பாடெல்லாம் வீண். கொதித்த பாத்திரத்திலிருந்தே நேராக டப்பாவில் ஊற்றுங்கள். வீட்டில் யாருக்காவது வாந்தியோ வயிற்றோட்டமோ இருந்தால், அந்த வருடம் உங்கள் வீட்டு ஐஸ் வேண்டாம். சீனியோ கசகசாவோ கொடுங்கள், அதுவும் தாகசாந்திதான்.

பரலுக்குச் சின்னக் கட்டிகளைவிடப் பெரிய கட்டி நல்லது, மெதுவாகக் கரையும். ஒரு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பா அளவு சரியாக இருக்கும். டப்பாவையும் மூடியையும் சவர்க்காரம் போட்டுக் கழுவி, கொதித்தாறிய தண்ணீரில் அலசி, கவிழ்த்துக் காயவிடுங்கள். துணியால் துடைக்காதீர்கள், சமையலறைத் துணியில் இல்லாத அழுக்கில்லை. மீனோ இறைச்சியோ வைத்த டப்பா என்றால் எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு எடுக்கக் கூடாது. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருக்கும், அதனால் மேலே ஒரு விரல் இடம் விட்டு மூடுங்கள். கட்டியின் நடுவே வெள்ளையாகத் தெரிவது உள்ளே சிக்கிய காற்று, அழுக்கில்லை.

பிரீசரில் கருவாடு இருந்தால் ஐஸிலும் கருவாட்டு வாசனை வரும். அதை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டு, உள்ளே படிந்த பனியையும் கரைத்துத் துடையுங்கள். பிள்ளைகள் அந்தப் பனியைச் சுரண்டித் தின்பார்கள், விடாதீர்கள். ஒரு லீற்றர் கட்டி நடுவரை உறைய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், ஆகவே இரண்டு நாள் முந்தியே வையுங்கள்.

கரண்ட் கதை உங்களுக்குத் தெரியும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வெட்டினார்கள். இப்போதும் காற்றுக்கு ஒரு மரம் விழுந்தால் இருட்டுதான். அதற்கு ஒரு வழி: சின்னக் கோப்பையில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு நாணயத்தை வையுங்கள். பிறகு பார்க்கும்போது நாணயம் உள்ளே இறங்கியிருந்தால் இடையில் ஐஸ் கரைந்து மறுபடி உறைந்திருக்கிறது. கொதித்த தண்ணீர் மூடியபடியே இருந்தால் பெரிய மோசமில்லை, ஆனால் பிரீசரில் இறைச்சி இருந்து அதன் தண்ணீர் வடிந்திருந்தால் கொட்டிவிடுங்கள்.

கோயிலுக்குக் கொண்டுபோக மீன்காரரின் ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டியை இரவல் வாங்காதீர்கள். மீனுக்குப் போடுகிற ஐஸையும் பரலில் போடக் கூடாது, அது குடிக்கிறதுக்குச் செய்ததில்லை. கட்டியைக் கையால் தூக்காமல், டப்பாவின் வெளிப்பக்கத்தில் சுத்தமான தண்ணீரை ஊற்றினால் தானாகக் கழன்று பரலில் விழும். உங்கள் தண்ணீரில் உங்களுக்கே சந்தேகமா? போத்தலில் ஊற்றி, இறுக்கி மூடி உறையவைத்துக் கொண்டுவாருங்கள். பரலை ஒரு பெரிய பேசினில் வைத்து அதைச் சுற்றி அடுக்கலாம், சர்பத்தில் படாமலே குளிரும்.

மிஞ்சிய ஐஸை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி பிரீசரில் போட வேண்டாம். நாலு பேர் கை பட்டிருக்கும். பூஞ்செடிக்கு ஊற்றிவிட்டு, டப்பாக்களை அன்றைக்கே கழுவிக் காயவைத்து மூடுங்கள். ஈரத்தோடு மூடினால் பூஞ்சணம் பிடித்துவிடும்.