லாரியை லாரி ஓவர்டேக் பண்ணும்போது பின்னாடி மாட்டிக்கிட்டா செய்யக்கூடாத தப்புகள்

போன வாரம் அக்கா பையன் ஓட்ட, நான் பக்கத்து சீட்ல உக்காந்து ஒரு நீளமான பயணம் போனேன். லைசென்ஸ் வாங்கி எட்டு மாசம்தான் ஆகுது, ஊருக்குள்ள நல்லாவே ஓட்றான், அதுல குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஹைவே ஏறி அரை மணி நேரம் ஆகியிருக்கும், முன்னாடி ரெண்டு டிரைலர், ஒண்ணு இன்னொண்ணை ஓவர்டேக் பண்ணுது, பண்ணுது, பண்ணிக்கிட்டே இருக்கு. "என்ன மாமா இவன், நகரவே மாட்டேங்கிறான்"னு சொல்லிக்கிட்டே டிரைலரோட பின்பக்க ஸ்டிக்கர்ல இருக்கற பொடி எழுத்தைப் படிக்கற தூரத்துக்குப் போயிட்டான். என் வலது கால் தானா பிரேக்கைத் தேடுது, என் பக்கம் மிதியடி மேட்டைத் தவிர ஒண்ணும் இல்ல.

அவன் மேல கோவம் வரல, வெக்கமா இருந்துச்சு. பதினஞ்சு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, இதே வசனத்தை, இன்னும் ரெண்டு கெட்ட வார்த்தை சேத்து சொன்னவன் நான்.

போன் பாக்காத, பெல்ட் போடு, தூக்கம் வந்தா ஓரங்கட்டு, இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை இங்க எழுதப் போறதில்ல.

லாரிக்காரன் வேணும்னே மெதுவா போறான்னு நெனக்கிறது

அவன் ஆக்சிலரேட்டரை முழுசா மிதிச்சுட்டுதான் உக்காந்திருக்கான். பல நாட்டுல கனரக லாரிக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயம், ஐரோப்பிய யூனியன்ல உச்சம் 90 கி.மீ., அதுக்கு மேல எவ்ளோ மிதிச்சாலும் வண்டி போகாது. சரி, எல்லாத்துக்கும் 90ன்னா ஏன் ஒருத்தன் இன்னொருத்தனை முந்தறான்? அந்தக் கருவி சக்கரம் சுத்தறதை வெச்சுதான் வேகத்தைக் கணக்குப் போடுது. லாரி டயர் விட்டம் தோராயமா ஒரு மீட்டர், அதுல 2 சென்டிமீட்டர் தேஞ்சு போச்சுன்னா சுத்தளவும் 2 சதவீதம் குறையும், கருவி 90ன்னு காட்டும்போது ரோட்டுல 88தான் போகும். புது டயர் போட்டவன் பழைய டயர்காரனை முந்தறான், கதை அவ்ளோதான்.

அந்த 2 கி.மீ.க்காக இவ்ளோ நேரம் ரோட்டை அடைக்கணுமான்னு கேட்டா, அவன் பக்கமும் ஒரு கணக்கு இருக்கு. ஐரோப்பாவுல லாரி டிரைவர் சாதாரணமா ஒரு நாளைக்கு 9 மணி நேரம்தான் ஓட்டலாம், நாலரை மணி நேரத்துக்கு ஒரு தடவை 45 நிமிஷம் நிறுத்தியாகணும், எல்லாம் வண்டியில இருக்கற டேக்கோகிராஃப்ங்கற பதிவுக் கருவியில பதிவாகும். 2 கி.மீ.யை 9 மணி நேரத்தால பெருக்கினா 18 கி.மீ., நேரம் முடியறதுக்குள்ள அடுத்த பார்க்கிங்கைப் பிடிக்கறதும் பிடிக்காம போறதும் சில நாள் அந்த 18 கி.மீ.லதான் இருக்கும்.

இதுக்காக லாரிக்காரங்க எல்லாம் உத்தமர்னு சொல்ல வரல. ஜெர்மனியில இந்தக் கூத்துக்கு யானைப் பந்தயம்னே பேரு வெச்சிருக்காங்க. 2008ல ஹாம் நகரத்து மேல்கோர்ட்டு, ஓவர்டேக்னா 45 செகண்டுக்குள்ள முடியணும், வேக வித்தியாசம் 10 கி.மீ. இருக்கணும்னு ஒரு அளவுகோலே சொல்லுச்சு. ஓவர்டேக் ஆகுற லாரிக்காரன் பத்து செகண்டு காலை எடுத்தா எல்லார் தலைவலியும் தீரும், அதைச் செய்யாம வீம்புக்குப் பக்கத்துலயே வர்ற ஆளுங்களை நானும் பாத்திருக்கேன். ஆனா அந்த ஆளைத் திருத்தற வேலை பின்னாடி கார்ல இருக்கற நமக்கு இல்ல.

பின்னாடி ஒட்டிக்கிட்டு லைட் அடிக்கிறது

இதைத்தான் எழுத உக்காந்தேன். இதை நெனச்சா இன்னிக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வரும், மத்தவங்க மேல இல்ல, என் மேல.

மொதல்ல கணக்கைப் பாத்துடுவோம், ஏன்னா இந்தக் கணக்கு அப்போ எனக்குத் தெரிஞ்சிருந்தா ஒரு ரேடியேட்டர் மிஞ்சியிருக்கும். ரெண்டு லாரி, ஒவ்வொண்ணும் 16.5 மீட்டர், முன்னாடி 25 பின்னாடி 25 மீட்டர் இடைவெளி விட்டு ஒண்ணு ஒண்ணைக் கடக்கணும்னா மொத்தம் 83 மீட்டர் முந்தணும். வித்தியாசம் 2 கி.மீ.ன்னா செகண்டுக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதனால 150 செகண்ட், ரெண்டரை நிமிஷம். நமக்கு அது பத்து நிமிஷம் மாதிரி இருக்கும். அந்த ரெண்டரை நிமிஷத்துல 3.7 கி.மீ. ஓடியிருப்போம். அந்த லாரி இல்லாம ரோடு காலியா இருந்து நான் 110ல போயிருந்தா அதே தூரத்துக்கு எவ்ளோ ஆகும்? 122 செகண்ட். ஆக நான் இழந்தது ரெண்டரை நிமிஷம் கிடையாது, அரை நிமிஷம் கூட முழுசா இல்ல. நாம நின்னுக்கிட்டு இல்ல, 90ல போய்க்கிட்டுதான் இருக்கோம், ஆனா மனசு என்னவோ ரயில்வே கேட்ல நிக்கற மாதிரியே கணக்குப் போடும்.

இன்னொண்ணு. 75 மீட்டர் பின்னாடி வந்துக்கிட்டிருந்த நான் 5 மீட்டருக்கு ஒட்டினேன்னா நான் சம்பாதிச்சது 70 மீட்டர். 110ல அது 2.3 செகண்ட். இதுக்குத்தான் அந்த ஆட்டம்.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னா, நான் ஒட்டிக்கிட்டு, ஹை பீமை போட்டுப் போட்டு அணைச்சுக்கிட்டு, கொஞ்சம் இடது கொஞ்சம் வலதுன்னு வண்டியை ஆட்டிக்கிட்டுப் போறேன். அப்போ முன்னாடி டிரைலருக்கு அடியில இருந்து ஒரு கட்டை வந்துச்சு. நிறுத்தின லாரி உருளாம இருக்க டயருக்கு அடை குடுப்பாங்க இல்ல, அந்த முக்கோணக் கட்டை, எந்த வண்டியில இருந்தோ விழுந்து ரோட்டு நடுவுல கிடந்திருக்கு. டிரைலர் உயரமா இருக்கறதால சக்கரத்துக்கு நடுவுல விட்டு அது பாட்டுக்குப் போயிடுச்சு, அந்த டிரைவருக்கு அது ஒரு விஷயமே இல்ல. எனக்கு அந்தக் கட்டை ரோட்டுல தோணினதே என் பானெட்டுக்கு முன்னாடிதான். 90 கி.மீ.ன்னா செகண்டுக்கு 25 மீட்டர், 5 மீட்டர் இடைவெளின்னா செகண்டுல அஞ்சுல ஒரு பங்கு. மனுஷன் பாத்துட்டு கால் பிரேக்குக்குப் போறதுக்கே ஒரு செகண்டுக்குக் கிட்ட வேணும். நான் ஒண்ணுமே பண்ணல, பண்ணவும் முடியாது, "டொக்"னு ஒரு சத்தம், அவ்ளோதான்.

அதுக்கப்புறம் நான் பண்ணினதுதான் பெரிய கூத்து. சத்தம் கேட்டும் நிறுத்தல. லாரி அப்பத்தான் உள்லேனுக்கு மாறுது, வழி கிடைச்சுடுச்சு, இவ்ளோ நேரம் காத்திருந்துட்டு இப்ப நிறுத்தவான்னு மிதிச்சுட்டேன். ஒரு ரெண்டு மூணு கிலோமீட்டர் போயிருப்பேன், டெம்பரேச்சர் முள்ளு உச்சியில, பானெட்ல இருந்து இனிப்பு வாசனையோட ஆவி. கட்டை கீழ் கிரில்லை உடைச்சு, ஏசி கண்டென்சரைக் குத்தி, ரேடியேட்டர் அடித் தொட்டியைப் பொளந்துட்டுப் போயிருக்கு. கூலன்ட் இல்லாம ஓட்டினதுல ஹெட் கேஸ்கெட்டும் போச்சு. இன்சூரன்ஸ்ல கட்டையால உடைஞ்சதுக்கு மட்டும் குடுத்தாங்க, அடிபட்ட பிறகும் ஓட்டி இன்ஜினைக் கெடுத்தது உங்க தப்பு, அதுக்குக் கிடையாதுன்னுட்டாங்க. சண்டை போட்டேன், ஆனா அவங்க சொன்னது சரிதான். ஓரமா நாலு மணி நேரம் ரெக்கவரி வண்டிக்கு நின்னேன். நான் முந்தணும்னு துடிச்ச லாரி என்னைத் தாண்டிப் போனதைப் பாத்தேன், அதுக்குப் பின்னாடியே அது முந்தின லாரியும் போச்சு.

ஒர்க்‌ஷாப்ல மெக்கானிக் ஜாக்கி போட்டு அடியில பாத்துட்டு எழுந்து, "லாரி பின்னாடி ஒட்டினா நம்ம கண்ணை அவன்கிட்ட கடன் குடுத்த மாதிரிண்ணே, அவன் பாத்ததைத்தான் நாம பாப்போம், அதுவும் லேட்டா"ன்னாரு. பில்லைவிட அது நல்லா பதிஞ்சுடுச்சு.

சரி, லைட் அடிச்சா அவனுக்குத் தெரியுமா? ரொம்ப நாள் கழிச்சு லாரி ஓட்டற நண்பர் ஒருத்தர்கூட கேபின்ல போற வாய்ப்பு கிடைச்சுது. ஒரு கார் பின்னாடி நெருங்கி வந்துச்சு, நான் ரெண்டு பக்கக் கண்ணாடியையும் மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டே இருக்கேன், கொஞ்சம் கொஞ்சமா டிரைலர் விளிம்புக்குள்ள போய் காணாம போயிடுச்சு. அதுக்கப்புறம் தெரிஞ்சதெல்லாம் ஓரத் தடுப்புல விட்டு விட்டு ஒரு வெளிச்சம். "பாருங்க தம்பி, ஒருத்தர் உள்ள போயிட்டாரு, இனிமே அவர் இருக்காரான்னு எனக்குத் தெரியாது"ன்னாரு நண்பர், ரொம்ப சாதாரணமா. லைட்டைப் பாத்து அவர் என்ன பண்ண முடியும்? கருவி விடாது, அதனால முன்னாடி போக முடியாது. விட்டுக்குடுத்து பின்வாங்கணும்னா பிரேக் போடணும், பிரேக் போட்டா ஒட்டியிருக்கறவன் கதி என்னன்னு சொல்ல வேண்டியதில்ல. அதனால அவர் பண்றது ஒண்ணே ஒண்ணு, முன்னாடி பாத்து ஓட்டறது.

டிரைலர் பின்னாடி கீழ தொங்கற குறுக்குக் கம்பி இருக்கு பாருங்க, அதுக்கு அமெரிக்காவுல மேன்ஸ்ஃபீல்ட் பார்னு பேரு. நடிகை ஜேன் மேன்ஸ்ஃபீல்ட் 1967ல போன கார், கொசு மருந்துப் புகைக்குள்ள மறைஞ்சிருந்த ஒரு டிரைலரோட பின்பக்கம் மோதி அடியில புகுந்துடுச்சு, முன்சீட்ல இருந்த மூணு பேரும் போயிட்டாங்க. கம்பி இருக்குங்கறதால நம்பி ஒட்டாதீங்க, காரோட பானெட் உயரத்தையும் டிரைலர் தளத்தோட உயரத்தையும் ஒரு தடவை நிறுத்தியிருக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க, தளம் நேரா கார்ல உக்காந்திருக்கற நம்ம கழுத்துக்கு வரும்.

அப்போ என்ன பண்ணணும்? மூணு செகண்ட் இடைவெளி, 90ல அது 75 மீட்டர். லேன்ல கொஞ்சம் ஓரமா இருந்தா அவனோட ஒரு கண்ணாடியில நீங்க தெரிவீங்க, ரெண்டு லாரிக்கும் முன்னாடி ரோடும் உங்களுக்குத் தெரியும். அந்த இடைவெளியில எவனாவது புகுவான். புகட்டும், திரும்ப 75 விடுங்க.

கிளீனர் சைடுல புகுறது

ஒட்டிப் பாத்து அலுத்தவங்க அடுத்து பண்றது இது. முந்தற லாரி கொஞ்சம் முன்னேறி, பின்தங்கின லாரிக்கு முன்னாடி இடம் தெரிஞ்சதும் அந்த சந்துல புகுந்து உள்பக்கமா போயிடலாம்னு. அதே இடத்துக்குத்தான் அந்த லாரியும் வரப்போகுது! அதுக்குத்தானே அவன் இவ்ளோ நேரம் பாடுபட்டான். டிரைவர் உக்காந்திருக்கற பக்கத்துல அவனுக்குத் தெரியாத இடம் ஒரு லேன் அளவுன்னா, கிளீனர் சைடுல ரெண்டு லேன் அகலத்துக்கு இருக்கும்னு அமெரிக்க அரசோட பாதுகாப்பு விளக்கப் படத்துலயே போட்டிருக்காங்க. அதோட கேபினுக்கு நேர் முன்னாடி 6 மீட்டரும், டிரைலருக்குப் பின்னாடி 9 மீட்டரும் குருட்டு இடம்தான். அவன் இண்டிகேட்டர் போட்டு கண்ணாடியில பாக்கும்போது நீங்க அங்க இல்ல, அவனைப் பொறுத்தவரை.

ஷோல்டர்ல ஏறி முந்தறவங்களைப் பத்தி எழுதவே எனக்கு விருப்பமில்ல.

பக்கத்துலயே கூட ஓடறது

கடக்க ஆரம்பிச்சா கடந்து முடிங்க. பாதியில போன் பேச்சு சுவாரஸ்யமாயி கால் தளர்ந்து டிரைலர் நடுச் சக்கரத்துக்குப் பக்கத்துலயே குடித்தனம் நடத்தறவங்க இருக்காங்க. லாரி டயர் வெடிச்சா ரப்பர் பட்டை ஆள் உயரத்துக்குப் பிச்சுக்கிட்டு வரும், அது பக்கவாட்டுலயும் அடிக்கும்.

முந்தினதும் முன்னாடி போய் பிரேக் போடறது

ஃபுல் லோடு லாரி 105ல இருந்து நிக்க நல்ல ரோட்டுலயே கிட்டத்தட்ட 160 மீட்டர் வேணும். உங்க கார் 95 மீட்டர்லயே நின்னுடும். மிச்சத்தை நீங்களே கழிச்சுப் பாருங்க.

ஹார்ன்

அடிச்சா டயர் பெருசாகாது.

ஏத்தத்தையும் இறக்கத்தையும் ஒண்ணா நெனக்கிறது

ஏத்தத்துல லோடு வண்டி 50, 40ன்னு இறங்கிடும், அதனால ரெண்டு லாரிக்கும் வேக வித்தியாசம் அங்க நல்லா விரியும், ஒருத்தன் லோடு இல்லாதவனா இருந்தா சட்டுனு முந்திடுவான். நாம லாரியை முந்தறதுக்கும் அதான் தோதான இடம். இறக்கத்துல கதை மாறிடும், பின்னாடி இருந்த லோடு தள்ளி அதுவே வேகம் எடுக்கும், நாம 100ல முந்தலாம்னு கணக்குப் போட்டுப் போனா பாதியில அவன் நம்ம கூடவே வருவான். அங்க போட்டி போடாம காலை எடுத்துட்டு பின்னாடியே வந்துடணும். அக்கா பையன் இதைக் கேட்டுட்டு, "முந்த ஆரம்பிச்சா முடிக்கணும்னீங்க, இப்ப பின்வாங்கணும்ங்கறீங்க"ன்னான். ஆமாடா, இறக்கத்துல ஆரம்பிக்காதன்னுதான் அர்த்தம்.

மழையிலயும் காத்துலயும் சாதா நாள் மாதிரியே முந்தறது

மழையில டிரைலர் சக்கரம் வாரி அடிக்கற தண்ணியில அஞ்சாறு செகண்டு கண்ணாடி வெள்ளைத் துணி போத்தின மாதிரி ஆயிடும், அந்த நேரத்துல வைப்பர் சுவிட்சைத் தேடக்கூடாது, பக்கத்துல போறதுக்கு முன்னாடியே ஃபுல்ல போட்டுடணும். குறுக்குக் காத்து அடிக்கற நாள்ல லாரி மறைவுல இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியாது, நீங்க பழக்கத்துல காத்துக்கு எதிரா ஸ்டியரிங்கை லேசா திருப்பிப் பிடிச்சிருப்பீங்க, மறைவுக்குள்ள நுழைஞ்சதும் அந்தத் திருப்பல் உங்களை லாரிப் பக்கம் இழுக்கும், கேபினைத் தாண்டினதும் காத்து வந்து எதிர்ப்பக்கம் தள்ளும். திரும்பி வரும்போது அக்கா பையன் ஒரு கையில ஸ்டியரிங், இன்னொரு கையை ஜன்னல்ல வெச்சுக்கிட்டு ஒரு டேங்கரைத் தாண்டினான், கேபின் தாண்டின செகண்டுல வண்டி அரை அடி ஆடுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. ஜன்னல் கை தானா உள்ள வந்துடுச்சு.