வாணலியிலேயே கிரானோலா: வெல்லமும் வேர்க்கடலையும் போதும்

கிரானோலா என்பது ஓட்ஸை இனிப்பும் எண்ணெயும் சேர்த்து மொறுமொறுப்பாக்கிய காலை உணவு. கடையில் விற்கும் அதன் பெட்டியைத் திருப்பி, பின்னால் உள்ள சிறிய எழுத்துகளைப் படித்துப் பாருங்கள். பெரும்பகுதி ஓட்ஸ், அடுத்து ஏதோ ஒரு சர்க்கரை, எண்ணெய். முன்பக்கப் படத்தில் குவிந்து கிடக்கும் பாதாம் உள்ளே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். 1863இல் அமெரிக்காவின் டான்ஸ்வில்லில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர் செய்த ஆதி வடிவத்தில் பாதாமே கிடையாது. தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு நொறுக்கியதுதான் அது. மொறுமொறுப்புக்குத் தேவை இனிப்பு, எண்ணெய், நிதானமான சூடு. மூன்றுமே நம் சமையலறையில் மலிவாகக் கிடைப்பவை. ஓவனும் அவசியமில்லை.

தேவையானவை: ரோல்டு ஓட்ஸ் 3 கப், கெட்டி அவல் 1 கப், வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை அரை கப், எள் 2 மேசைக்கரண்டி, மெல்லியதாகச் சீவிய கொப்பரை கால் கப், பொடித்த வெல்லம் அரை கப், கடலை எண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, சுக்குப்பொடி அல்லது ஏலக்காய்ப்பொடி சிறிது, உலர் திராட்சை ஒரு கைப்பிடி. உப்பை விட்டுவிடாதீர்கள், அது இல்லையென்றால் வெறும் தித்திப்புதான் மிஞ்சும். ஓட்ஸ் வாங்கும்போது இதழ் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். உடனே வேகும் பொடி ஓட்ஸ் இதற்கு ஆகாது; தூளாகிக் கருகிவிடும். தாள் போன்ற மெல்லிய அவலும் அப்படித்தான்.

முதலில் வறுப்பது. அடி கனமான வாணலியில், சிறு தீயில், ஓட்ஸை இரண்டு தவணையாகக் கிளறிக்கொண்டே வறுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் ஏழெட்டு நிமிடம் ஆகும். நிறம் லேசாக மாறி வாசம் எழுந்தால் போதும். அவலைத் தனியாக வறுங்கள். இரண்டு விரலால் நசுக்கினால் நொறுங்க வேண்டும். கடைசியில் எள்ளையும் கொப்பரையையும் போட்டுப் புரட்டி, எல்லாவற்றையும் வேர்க்கடலையோடு அகலமான தட்டில் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது பாகு, கவனம் முழுவதும் இங்கேதான் வேண்டும். வெல்லத்தைக் கால் கப் தண்ணீரில் கரைத்து, மண் போக வடிகட்டி, அதே வாணலியில் கொதிக்க விடுங்கள். நுரைத்துக் கெட்டியாகும்போது ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தொட்டுப் பார்த்தால் ஒரு கம்பி இழுபட வேண்டும். அந்த இடத்தில் நிறுத்துங்கள். கார்த்திகைப் பொரி உருண்டைக்குப் போல முற்ற விட்டால், வாணலியில் இருப்பது மொத்தமும் ஒரே உருண்டையாகிவிடும். எண்ணெய், உப்பு, சுக்குப்பொடி மூன்றையும் பாகில் கலந்து, வறுத்ததைக் கொட்டி, ஒவ்வொரு இதழிலும் பாகு படியும்வரை புரட்டுங்கள்.

தீயை மிகவும் குறைத்து இன்னும் எட்டுப் பத்து நிமிடம் அடியிலிருந்து கிளற வேண்டும். பாகில் மிஞ்சிய ஈரம் போவதற்காகத்தான் இது. சூடாக இருக்கும்வரை கலவை மெத்தென்றுதான் இருக்கும். மொறுமொறுப்பு வரவில்லையே என்று மேலும் வறுத்துக் கருக்கிவிடாதீர்கள். ஆறும்போதுதான் அது விறைக்கும். எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, கரண்டியின் பின்புறத்தால் அழுத்தி, முக்கால் மணி நேரம் தொடாமல் வைத்தால் கட்டிகட்டியாக உடைக்கலாம். ஆறிய பிறகும் நமுத்திருந்தால் மறுபடி சில நிமிடம் சிறு தீயில் புரட்டுங்கள். திராட்சையைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும். அடுப்பில் போட்டால் ஆறியதும் கல்லாகிவிடும்.

ஓவன் வைத்திருப்பவர்கள் பாகில் புரட்டியதைத் தட்டில் பரப்பி, 150 டிகிரியில் இருபது நிமிடம், நடுவே ஒருமுறை கிளறிவிட்டு, வைத்தால் போதும்.

வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஆகவே முழுதும் ஆறிய பின், இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். நாள்பட்டால் கொப்பரையில் சிக்கு வாடை வரும். மழைக்காலத்தில் பாதி அளவு செய்வதே நல்லது. ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி போதும், எண்ணெயும் வெல்லமும் சேர்ந்த பண்டம் இது. கொதிக்கும் பாலை ஊற்றாதீர்கள், வெல்லம் பட்டுத் திரியக்கூடும். ஆறிய பாலோ, வாழைப்பழம் நறுக்கிப் போட்ட கெட்டித் தயிரோதான் இதற்குச் சரியான ஜோடி.