நாயின் நடைக்கு இசை தேடுதல்: திருகோணமலையில் பொதுமக்கள் முன் நாய் நடனம் நிகழ்த்த ஒரு வழிகாட்டி

நாயும் அதை வளர்ப்பவரும் ஓர் இசைத்துண்டுக்கு ஏற்பச் சேர்ந்து அசைந்து ஆடுவதைக் கெனைன் ப்ரீஸ்டைல் அல்லது நாய் நடனம் என்கிறார்கள். கீழ்ப்படிவுப் பயிற்சியிலிருந்து கிளைத்த இக்கலை 1990களின் தொடக்கத்தில் கனடாவிலும் இங்கிலாந்திலும் உருவெடுத்தது. இங்கிலாந்தில் 1990ஆம் ஆண்டு மேரி றே என்ற பயிற்றுநர் இதைச் செய்து காட்டினார். பர்மிங்ஹாமில் நடைபெறும் க்ரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் 2005ஆம் ஆண்டு முதல் இது போட்டியாகவும் இடம்பெறுகின்றது. 2012இல் ஆஷ்லி பட்லர் என்ற இளம்பெண் பட்ஸி என்ற தன் நாயுடன் பிரிட்டன்ஸ் காட் டலன்ட் தொலைக்காட்சிப் போட்டியை வென்றபோது, நாய்ப் பயிற்சியில் ஈடுபாடில்லாதவர்களும் இக்கலையைக் கண்டுகொண்டார்கள். போட்டிகளில் இதற்கு இரண்டு பிரிவுகள் உள்ளன. ஒன்றில், நிகழ்ச்சியின் மூன்றில் இரண்டு பங்காவது நாய் ஆளை ஒட்டியே நடக்கவேண்டும். மற்றையதில் ஒட்டி நடப்பது மூன்றில் ஒரு பங்கை மீறாமல், சுழல்தல், வணங்குதல், கால்களுக்கிடையே நுழைதல் போன்றவை மேலோங்கி நிற்கவேண்டும். திருகோணமலையில் பாடசாலை மைதானத்திலோ கடற்கரையிலோ ஆடப்போகும் உங்களுக்கு இந்தக் கணக்கு கட்டாயமில்லை. ஆயினும் ஒட்டி நடப்பதை அடித்தளமாக வைத்து, இடையிடையே வித்தைகளைச் செருகுவதே நாய்க்கு இலகுவானது. பழகிய நடைக்குத் திரும்பும் ஒவ்வொரு தடவையும் அதன் மனம் சற்று இளைப்பாறுகின்றது.

முதலில் செய்யவேண்டியது இசையைத் தெரிந்தெடுப்பதன்று, நாயின் நடையை அளப்பது. தனக்குப் பிடித்த பாட்டைப் போட்டுவிட்டு அதற்கேற்ப நாயை விரட்டுபவரின் நிகழ்ச்சியில் நாய் ஒருபோதும் தாளத்தில் நிற்பதில்லை. நாய்க்குத் தாளம் என்ற எண்ணமே கிடையாது. அது தன் உடலுக்கு ஏற்ற வேகத்தில்தான் துள்ளுநடை போடும். அந்த வேகத்திற்குப் பொருந்தும் பாட்டை நாம் கண்டுபிடித்துவிட்டால், நாய் இசையைக் கேட்டு ஆடுகின்றது என்றே பார்ப்பவர் எண்ணுவார்.

அளப்பதற்குக் கைத்தொலைபேசி ஒன்று போதும். நாய் உங்கள் அருகே உற்சாகமாகத் துள்ளுநடை போடும்போது பக்கவாட்டிலிருந்து ஒருவரைப் படம்பிடிக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து, ஒரே ஒரு முன்னங்கால் 15 விநாடிகளில் எத்தனை தடவை நிலத்தில் படுகின்றது என்று எண்ணி, அதை நான்கால் பெருக்குங்கள். 30 தடவை பட்டால் நிமிடத்திற்கு 120 காலடி என்று ஆகும். பாட்டின் தாள அடியும் நிமிடத்திற்கு 120ஐ ஒட்டியதாகவோ, அதன் சரிபாதியாகவோ இருக்கவேண்டும். சிறிய பொமரேனியனின் அடிகள் விரைவானவை, லாப்ரடோரின் அடிகள் ஆறுதலானவை. ஒன்றுக்குத் தெரிந்தெடுத்த பாட்டு மற்றதற்குச் சரிவராது. நம்மவர் கொண்டாட்டங்களில் ஒலிக்கும் பைலா மெட்டு ஊர் நாய்கள் பலவற்றின் துள்ளுநடைக்கு நன்றாக இசைவதை நீங்களே ஒலிக்கவிட்டுப் பார்க்கலாம். நாதஸ்வரமும் தவிலும் அழகானவைதான், ஆனால் தவிலின் திடீர் அறைவு கூச்சமுள்ள நாயை உலுக்கிவிடும். முதல் நிகழ்ச்சிக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது. பாட்டை ஒன்றரை நிமிடத்திற்கு வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடங்களைத் தாண்டிய முதல் நிகழ்ச்சி எந்த நாய்க்கும் பாரம்.

நாயின் இனம் முக்கியமன்று. திருகோணமலைத் தெருக்களில் பிறந்து வீடொன்றில் வளர்ந்த ஊர் நாய், மெலிந்த உடலும் நல்ல மூட்டுகளும் வெப்பத்தைத் தாங்கும் குறுமயிரும் கொண்டது. இக்கலைக்கு அதைவிடப் பொருத்தமான நாயை நான் தேடமாட்டேன். வயதுதான் முக்கியம். எலும்புகள் வளர்ந்து முடியுமுன், அதாவது ஏறத்தாழ ஒன்றரை வயது வரை, பாய்தலும் பின்னங்கால்களில் நிற்பதும் வேண்டாம். கனத்த உடலுள்ள நாய்களைப் பின்னங்கால்களில் நடத்துவதை வயது வந்தபின்னும் தவிர்க்கவேண்டும். கைதட்டலுக்காக நாயின் இடுப்பைத் தேய்ப்பது எந்த வகையிலும் தகாது. தொடங்குமுன் கால்நடை வைத்தியரிடம் காட்டி மூட்டுகளையும் இதயத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். ஆண்டுதோறும் போடவேண்டிய விசர்நோய்த் தடுப்பூசியின் அட்டையையும் பத்திரமாக வைத்திருங்கள். பொதுமக்கள் கூடும் இடத்தில் அந்த அட்டையை எவரும் கேட்கலாம், கேட்பது நியாயமே.

அசைவுகளைக் கற்பிக்கும் முறைக்கு ஓர் எடுத்துக்காட்டாக, நடக்கும் ஆளின் கால்களுக்கிடையே நாய் எட்டு வடிவில் நுழைந்து வருவதை எடுத்துக்கொள்வோம். நாய் உங்கள் இடப்புறம் நிற்கட்டும். வலது காலை ஓர் அகன்ற அடியாக முன்னே வைத்து அப்படியே நில்லுங்கள். அவித்த சூரை மீனில் நகக்கண் அளவு துண்டொன்றை வலக்கையில் எடுத்து, வலது தொடையின் வெளிப்புறமாகக் கையைக் கொண்டுபோய், கால்களுக்கிடையே நாயின் மூக்குக்கு எட்டும் உயரத்தில் காட்டுங்கள். நாய் தலையை நுழைத்தவுடன் கையை வெளியே இழுங்கள். அதன் தோள் உங்கள் முழங்காலைக் கடக்கும் அந்தக் கணத்தில் 'சரி' என்று சொல்லிவிட்டுத் துண்டைக் கொடுங்கள். நேரம்தான் இங்கே எல்லாம். அரை விநாடி பிந்தினால், நுழைந்ததற்கு அல்ல, வெளியே வந்து நின்றதற்கே பரிசு கிடைத்ததாக நாய் விளங்கிக்கொள்ளும். பிறகு இடது காலை முன்வைத்து, இடக்கையால் அதையே செய்யுங்கள். இரண்டு பக்கமும் தயக்கமின்றி வந்தபின் கையில் மீன் இல்லாமல் அதே சைகையைக் காட்டி, நுழைந்ததும் இடுப்புப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கவேண்டும். அதற்குப் பின்னர்தான் 'நுழை' என்ற சொல்லை, சைகைக்குச் சற்று முன்னதாகச் சொல்லத் தொடங்கலாம். கை மெல்ல மெல்லச் சுருங்கி, ஈற்றில் நடனத்தின் ஓர் அபிநயம் போலவே தோன்றும் அளவுக்கு வந்துவிடும். அடிப்பதோ கழுத்துப்பட்டியைச் சுண்டி இழுப்பதோ இப்பயிற்சியில் எந்த இடத்திலும் இல்லை. அச்சத்தால் வந்த அசைவில் வால் தாழ்ந்திருக்கும், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது தெரியும்.

சுழல்தல், வலம்வருதல், பின்னோக்கி நடத்தல், முன்னங்கால்களை நீட்டி வணங்குதல் ஆகியவற்றையும் இவ்வாறே கற்பிக்கலாம். ஐந்தாறு அசைவுகள் கைவந்தாலே ஒன்றரை நிமிடத்திற்குப் போதும். ஒரு தடவையில் ஐந்து நிமிடத்திற்கு மேல் பழக்காமல், நாய் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அசைவுகளைக் கோத்து நிகழ்ச்சியாக்கும்போது, பார்ப்போர் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதை மறவாதீர்கள். நாய் எப்போதும் உங்களுக்கும் பார்வையாளருக்கும் இடையே இருக்கவேண்டும். உங்கள் உடலுக்குப் பின்னால் மறைந்து செய்யும் வித்தை செய்யாததற்குச் சமம். நாய் வலப்புறமும் இடப்புறமும் ஒட்டி நடக்கப் பழகியிருந்தால்தான் இது கைகூடும். கருமையான நாய்க்குப் பக்கத்தில் கறுப்புக் காற்சட்டை அணியாதீர்கள். அகன்ற சேலை, தொங்கும் சால்வை ஆகியவை நாயின் முகத்தில் படும். நாய்க்கு ஒரு கழுத்துப்பட்டி போதும், உடை வேண்டியதில்லை. கடைசி அசைவாக நாய் மிக விரும்பிச் செய்யும் ஒன்றை வையுங்கள். அதன் பின் பரிசு வரும் என்று அது அறிந்திருப்பதால், களைப்பிலும் உற்சாகம் ஏறும்.

மேடையில் தீனித் துண்டுகளை அடிக்கடி கொடுக்க இயலாது. ஆகவே வீட்டிலேயே, முதலில் ஓர் அசைவுக்கு ஒரு துண்டு, பிறகு இரண்டுக்கு ஒன்று, பிறகு அரைப் பாட்டுக்கு ஒன்று என்று நீட்டிச் செல்லவேண்டும். முழு நிகழ்ச்சியும் முடிந்தபின் ஓடிப்போய்த் திறக்கும் டப்பா ஒன்றை மைதான ஓரத்தில் வைத்துப் பழக்கினால், கையில் எதுவுமில்லாத உங்களை நாய் முழு மனத்துடன் நம்பும்.

வீட்டு விறாந்தையில் குறையின்றி ஆடும் நாய் வெளியே எல்லாவற்றையும் மறந்துவிடுவது இயல்பு. விறாந்தைக்கு அடுத்ததாக முற்றம், பின்னர் ஒழுங்கை, அதன் பின் விடியற்காலையில் ஆளரவம் குறைந்த டச்சுக் குடாக் கடற்கரை என்று இடத்தை ஒவ்வொரு படியாக மாற்றுங்கள். ஒவ்வொரு புதிய இடத்திலும் எதிர்பார்ப்பைக் குறைத்து, தொடக்கத்தில் போல ஓர் அசைவுக்கு ஒரு துண்டு கொடுக்கவேண்டும். நம் நகரத்தில் நாய்க்குப் பெருங்கவர்ச்சி புள்ளிமான்கள். பிரெடெரிக் கோட்டைக்குள்ளும் அதை அண்டிய தெருக்களிலும் அவை சுதந்திரமாக உலாவுவதால், அப்பக்கத்தில் நாயை ஒருபோதும் அவிழ்த்துவிடாதீர்கள். மான் ஓடினால் நாயும் ஓடும், அந்த ஓட்டத்தில் இரண்டுக்கும் ஆபத்து. கோணேசர் கோயிலுக்குச் செல்வோரின் பாதை அது என்பதாலும் பயிற்சிக்கு வேறிடம் பார்ப்பதே முறை.

ஆடுவதற்கான வாய்ப்புகள் இங்கே குறைவில்லை. ஆண்டின் முற்பகுதியில் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிகள் நடக்கின்றன. சித்திரைப் புத்தாண்டில் விளையாட்டுக் கழகங்கள் விழா எடுக்கின்றன. இல்ல மெய்வல்லுநர் போட்டியில் இடைவேளை நிகழ்ச்சியாக ஆடுவதாயின், ஓட்டப்போட்டிகளைத் தொடக்கும் வெடிச்சத்தத்தை முன்கூட்டியே எண்ணிப்பாருங்கள். வெடி ஓய்ந்தபின் வந்து இறங்கி, அடுத்த ஓட்டம் தொடங்குமுன் புறப்படும்படி பொறுப்பாசிரியருடன் நேரத்தைப் பேசி வையுங்கள். கடற்கரையிலோ பூங்காவிலோ நீங்களே நடத்துவதாயின் உள்ளூராட்சி மன்றத்திடம் இடத்திற்கும், பொலிஸ் நிலையத்தில் ஒலிபெருக்கிக்கும் அனுமதி பெறவேண்டும்.

காலமும் நேரமும் இங்கே நாயின் உயிரோடு தொடர்புடையவை. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்தே உடற்சூட்டைத் தணிக்கின்றது. கடலோர ஈரக்காற்றில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடும். மே முதல் ஆகஸ்ட் வரை கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் நாள்களில் வெப்பம் 35 பாகை செல்சியசைத் தாண்டுவதுண்டு. அந்நாள்களில் பகலில் ஆடவே கூடாது. கார்த்திகை, மார்கழியில் மழை. பெப்ரவரி முதல் ஏப்ரல் வரையான பின்னேரங்களே பொருத்தமானவை, அதுவும் ஐந்து மணிக்குப் பிறகு. டச்சுக் குடா கிழக்கே பார்த்திருப்பதால், பார்வையாளர் கடலைப் பார்த்து அமர்ந்தால் சாயும் வெயில் அவர்கள் முதுகில் விழும். கண் கூசாமல் பார்ப்பார்கள். புறங்கையை நிலத்தில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள், உங்களால் தாங்க முடியாத மணலும் தாரும் நாயின் பாதத்துக்கும் ஆகாது. மேடை வழுக்கினால் ரப்பர் விரிப்புப் போடாமல் ஆடாதீர்கள். ஒலிபெருக்கியைப் பார்வையாளர் பக்கம் திருப்பி, நாயிடமிருந்து நன்கு தள்ளி வைக்கவேண்டும்.

பார்ப்போருக்கும் ஆடுகளத்துக்கும் இடையே கயிறு கட்டி, குறைந்தது மூன்று மீற்றர் இடைவெளி விடுங்கள். நம் நகரில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் கலந்து அமர்ந்திருப்பார்கள். நாயின் எச்சில் உடலில் படுவதைச் சமய காரணத்தால் தவிர்ப்போர் பலர், நாய்க்கடிக்கு அஞ்சுவோரும் பலர். நாய் கூட்டத்துக்குள் வராது என்று தொடக்கத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் அறிவித்தால் அவர்கள் நிம்மதியாக இரசிப்பார்கள்.

ஆடுமுன் பத்து நிமிடம் நாயை மெதுவாக நடத்தி, மலசலம் கழிக்கவிட்டு, இருபுறமும் சில சுழல்கள் செய்வித்து உடலைச் சூடாக்குங்கள். அப்போது அதன் முகத்தைக் கவனியுங்கள். தூக்கமில்லாத நேரத்தில் கொட்டாவி விடுதல், உதட்டை மீண்டும் மீண்டும் நக்குதல், கண்வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தல், மிக விருப்பமான தீனியையும் மறுத்தல் ஆகியவை நாய் அஞ்சுகின்றது என்பதன் அடையாளங்கள். அவற்றைக் கண்டால், அழைத்தவர் யாராயிருந்தாலும், அன்றைய நிகழ்ச்சியைக் கைவிடவேண்டும். நடுவில் நாய் ஓர் அசைவைத் தவறவிட்டால் திருப்பிச் செய்விக்காமல் அடுத்ததற்குப் போங்கள். பார்வையாளருக்கு நிரல் தெரியாது.

முடிந்தவுடன் சிறுவர்கள் நாயைத் தொட ஓடி வருவார்கள். அவர்களை நாளை வரச் சொல்லி, முதலில் நாயை நிழலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் வையுங்கள். மூச்சிரைப்பு பத்து நிமிடத்தில் தணியாமல், ஈறு கடுஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, நடை தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடலில் குளிர்ந்த நீரை ஊற்றி விசிறியபடியே கால்நடை வைத்தியரிடம் விரையவேண்டும். எல்லாம் நலமாயிருந்தால், வீடு சேர்ந்ததும் நல்ல தண்ணீரால் கால்களைக் கழுவி, விரலிடுக்கில் சிக்கிய மணலையும் உப்பையும் அகற்றி, பாதத்தில் கீறல் உண்டா என்று பார்த்துவிட்டு, மறுநாள் முழுவதும் பயிற்சியின்றி விட்டுவிடுங்கள்.